இரும்பு அரியணை



நாட்டு நடப்பைப் பேச வேண்டிய மேடையில், நெருப்பைக் கக்கும் டிராகன்கள் பறக்கும் கற்பனைக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். மாயமும் மந்திரமும் மலிந்த அந்தக் கதைக்குள், எந்த மந்திரத்தாலும் மறைக்க முடியாத உண்மையொன்று இருக்கிறது. அதற்காகவே அதனை எடுத்து வந்தேன்.

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், வியட்நாம் போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தரவில்லை என மறுத்தவர். அவர் 1996ஆம் ஆண்டு தொடங்கி 2011 வரையில், ஒரே பெருங்கதையை ஐந்து புதினங்களாக வெளியிட்டார். முதல் நூலின் பெயர் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. அரியணைகளின் ஆட்டம் என்று பொருள் கொள்ளலாம். 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லங்காஸ்டர் குடும்பமும் யார்க் குடும்பமும் மணிமுடிக்காக மோதிக்கொண்ட ரோஜாப் போர்களே அவருடைய கற்பனைக்கு உரமாயின.

கதையில் வரும் நாடு வெஸ்டெரோஸ். அதன் அரியணை இரும்பால் ஆனது. படையெடுத்து வந்து வென்ற ஏகான் என்னும் மன்னன், தோற்றவர்களின் வாள்களையெல்லாம் டிராகனின் நெருப்பில் உருக்கிச் செய்வித்த ஆசனம். முனைகள் மழுங்காத அந்த ஆசனம், அமர்ந்தவனையே அறுக்கும்! அதற்காக எத்தனை சூழ்ச்சி, எத்தனை சூது, எத்தனை சாவு! முடி எனக்கென்கிறான் அண்ணன், எனக்கேயென்கிறான் தம்பி. ஒரே காலத்தில் ஐந்து மன்னர்கள் முளைக்கின்றனர். ஐவரின் படைகளும் மிதித்துச் சென்றது யாருடைய வயலை? கொளுத்தியது யாருடைய குடிசையை? ஏர் பிடித்தவனுடைய வயலை, ஏதுமறியாதவனுடைய குடிசையை!

தலைநகரில் பஞ்சம் தாண்டவமாடுகிறது. இளம் மன்னன் ஜாஃப்ரி ஊர்வலம் வருகிறான். இறந்துபோன தன் குழந்தையை இரு கைகளாலும் தூக்கிக்காட்டி நிற்கிறாள் ஒரு தாய். மன்னன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு வெள்ளிக்காசை வீசியெறிந்தான்! அவள் அதனை ஏறிட்டும் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் சாணம் பறந்து வந்து மன்னன் முகத்தில் விழுந்தது. நகரமே கலவரக் களமாயிற்று. பிச்சை போட்டுப் பசியை மறைக்க நினைத்தவன், உயிர் பிழைத்து அரண்மனைக்கு ஓட நேர்ந்தது.

அந்தப் புதினத்தில் வேரிஸ் என்னும் ஒற்றர் தலைவன் ஒரு புதிர் போடுகிறான். ஓர் அறையில் அரசன், பூசாரி, பணக்காரன் ஆகிய மூவர். நடுவில், கையில் வாளேந்திய சாதாரணக் கூலி வீரன். மூவரில் ஒவ்வொருவனும், மற்ற இருவரையும் வெட்டிவிடு என்று அவனுக்குக் கட்டளையிடுகிறான். யார் பிழைப்பார்? விடை, வாள் பிடித்த கையைப் பொறுத்தது. அதிகாரம் எங்கே இருக்கிறதென்று மக்கள் நம்புகிறார்களோ, அங்கேயே அது குடியிருக்கிறது என்பதுதான் வேரிஸ் காட்டும் உண்மை. நம்பிக்கை நகர்ந்தால் அரியணை ஆடும்!

ஆனால், தோழர்களே, அரியணை ஆடிவிட்டாலே போதுமா? இங்கேதான் இன்னொரு பாத்திரத்தை நினைவூட்ட விரும்புகிறேன். டெனேரிஸ் என்னும் இளம் அரசி, அஸ்தபோர் என்னும் நகரில் அடிமை வணிகரை வீழ்த்துகிறாள். அடிமைகளின் விலங்கை உடைக்கிறாள். நம் நெஞ்சம் பூரிக்கிறது. மருத்துவர் ஒருவர், அறிஞர் ஒருவர், பூசாரி ஒருவர் என மூவர் கொண்ட குழுவிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் புறப்படுகிறாள். பிறகு? கிளியோன் என்ற கசாப்புக்காரன், அந்த மூவரும் பழைய எசமானர்களைத் திரும்ப அழைக்கச் சதி செய்கிறார்கள் என்று பழி சுமத்தி வீழ்த்திவிட்டு, தானே மன்னனாகிறான்! மீரீன் என்ற நகரிலோ, விடுதலை பெற்றவர்களில் சிலரே, எங்களை மீண்டும் விற்றுக்கொள்ள அனுமதி தாருங்கள் என்று அவளிடம் வந்து நிற்கின்றனர்.

ஏன் இந்த நிலை? அவர்கள் கோழைகளா? இல்லை! கையில் விலங்கில்லை, கலத்தில் சோறுமில்லை. தலைக்கு மேல் எசமானன் இல்லை. தங்களுக்கென ஒரு சங்கமுமில்லை, ஒரு மன்றமுமில்லை. வெளியிலிருந்து வந்த வீராங்கனை விடுதலையைக் கொடுத்தாள். அதைக் காத்துக்கொள்ளும் அமைப்பைக் கொடுக்க அவளால் இயலவில்லை. அதனை மக்களே கட்டியாக வேண்டும்.

ஆகவே, தோழர்களே, ஊருக்குத் திரும்பியதும் இக்கதையை உங்கள் படிப்பகத்தில் பேசுங்கள். யார் வெல்வார் என்று பந்தயம் கட்டுவதோடு நில்லாதீர்கள். வென்றவனை நாளை கேள்வி கேட்க யாருண்டு என்று கேளுங்கள். கணக்குக் கேட்கக் கற்ற நாலு பேர் ஒவ்வொரு தெருவிலும் இருந்தால், எந்தக் கிளியோனும் முடி சூட முடியாது. விலங்கை உடைக்க ஒரு நாள் போதும். உடைந்த விலங்கு மீண்டும் ஒட்டாமல் காப்பதோ, ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலை உங்களுடையது, என்னுடையது, நம் எல்லோருடையது.