பன்னிருவர் கூடினர், ஒரு நகரம் கற்றது

  

பிறந்த ஊரை விட்டு நகரத்திற்குப் பிழைக்கச் செல்லும் இளைஞனுக்கு முதலில் கிடைப்பது வேலை. அடுத்துக் கிடைப்பது உறைவிடம். பல வேளைகளில் இறுதிவரை கிடைக்காமலே போவது நட்பு. ஒரே கூரையின்கீழ் ஓராண்டு வாழ்ந்தும் அடுத்த அறையில் இருப்பவர் பெயரை அறியாதார் எத்தனை பேர்! பகலெல்லாம் உழைத்து, இரவில் அறைக்குத் திரும்பி, சுவரைப் பார்த்தபடி படுத்துறங்கி எழும் வாழ்வில், முன்பு கற்ற கல்வியும் துருவேறிப் போகின்றது. பேசுதற்கு ஆளில்லாதவன் படித்ததெல்லாம் அவனுள்ளேயே புதைந்து விடுகின்றது. கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கற்றலை ஒருவர் தனித்தும் செய்யலாம். கேட்டலுக்கோ இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவரை அறிமுகமற்ற நகரத்தில் எங்ஙனம் கண்டுகொள்வது? ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகட்கு முன், வட அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், அச்சுத்தொழிலாளி ஒருவர் இவ்வினாவிற்கு விடை கண்டார். பெஞ்சமின் பிராங்குளின் என்பது அவர் பெயர்.

வந்தேறியாய் வந்த இளைஞர்

பிராங்குளின் 1706-ஆம் ஆண்டில் பாசுட்டன் நகரில் மெழுகுதிரி செய்வார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தமையனாரின் அச்சகத்தில் தொழில் பயின்றார். அவரோடு உளம் வேறுபட்டு, 1723-இல், பதினேழாம் அகவையில் பிலடெல்பியாவிற்குத் தனியே வந்து சேர்ந்தார். அவ்வூரில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவரும் இலர். கையில் இருந்த சிறு காசில் மூன்று பென்னிக்கு மூன்று பெரிய உரொட்டிகளை வாங்கி, ஒன்றைத் தாம் உண்டு, எஞ்சிய இரண்டையும் தம்மோடு படகில் வந்த ஒரு தாய்க்கும் சேய்க்கும் கொடுத்தார். அவர் நகர வாழ்வு இவ்வாறு தொடங்கிற்று.

இடையில் இலண்டன் சென்று, 1726-இல் திரும்பினார். இலண்டனில் தங்கியிருந்தபோது, பக்கத்துப் பழநூற் கடைக்காரரோடு ஓர் இசைவு செய்துகொண்டு, நூல்களை எடுத்துச் சென்று படித்துத் திருப்பிக் கொடுத்து வந்தார். பிலடெல்பியாவிலோ நல்ல நூற்கடை ஒன்றுகூட அன்றில்லை. நூல் வேண்டுவோர் கடல் கடந்து இங்கிலாந்திலிருந்தே வரவழைக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலைகள்

1727-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், தாம் அறிந்த இளைஞர் சிலரைக் கூட்டி, 'சண்டோ' என்னும் குழுவைப் பிராங்குளின் அமைத்தார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர்கள் கூடினர். முதலில் ஒரு மதுக்கடையிலும், பின்னர் உறுப்பினர் ஒருவர் கொடுத்த அறையிலும் கூட்டம் நடந்தது. உறுப்பினர் பன்னிருவர்க்கு மேற்படலாகாது என்பது நெறி.

அவர்கள் யாவர்? பட்டம் பெற்ற அறிஞரோ பெருஞ்செல்வக் குடியினரோ மட்டுமல்லர். ஆவணங்களைப் படியெடுத்து எழுதுபவர் ஒருவர், பலகணிகளுக்குக் கண்ணாடி பொருத்துபவர் ஒருவர், செருப்புத் தைப்பவர் ஒருவர், தச்சர் ஒருவர், நிலம் அளப்பவர் ஒருவர், வணிகரிடம் எழுத்தராய் இருந்தவர் ஒருவர், அச்சகத் தொழிலாளர் சிலர், பொருள் வளமுடைய இளைஞர் ஒருவர். தொழிலாளர் முன்புறம் கட்டிக்கொள்ளும் தோலாடையின் பெயரால் அதனைத் 'தோலாடைக் குழு' என்றும் அழைத்தனர். அந்தச் செருப்புத் தைப்பவரே பின்னாளில் அம்மாநிலத்தின் தலைமை நில அளவையாளராக உயர்ந்தார் என்பது எண்ணத்தக்கது.

குழுவின் நெறிகள் எளியவை. ஒவ்வொருவரும் முறை வைத்து, ஒழுக்கம், அரசியல், இயற்கையறிவு என்பனவற்றுள் ஒன்றைப் பற்றி வினா எழுப்ப வேண்டும். மூன்று திங்களுக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் தாமே எழுதிய கட்டுரையொன்றைப் படிக்க வேண்டும். கூட்டந்தோறும் கேட்கப்பெறும் வினாக்கள் இருபத்து நான்கு. அவற்றுள் முதலாவது, அண்மையில் படித்த நூலில் பிறர்க்கு எடுத்துரைக்கத் தக்கது எதையேனும் கண்டீரா என்பது. இன்னொரு வினா நெஞ்சைத் தொடுவது: சென்ற கூட்டத்திற்குப் பின் தகுதியுடைய புதியவர் எவரேனும் நகருக்கு வந்துள்ளனரா, அவர்க்குக் குழு செய்யக்கூடிய உதவி யாது என்பது. வந்தேறியாய் வந்து தனிமையுற்ற ஒருவர் அமைத்த குழு, அடுத்து வரும் வந்தேறியை மறக்கவில்லை!

வெல்வதற்கன்று, அறிவதற்கு

நான்கு பேர் கூடினால் ஐந்து கருத்து எழும். ஐந்து கருத்து எழுந்தால் ஆறு சண்டை வரும். படிப்புக் குழுக்கள் பலவும் நூலில்லாமல் அழிவதில்லை. 'யான் சொன்னதே முடிபு' என்னும் செருக்கினால் அழிகின்றன. இதனை அக்குழு தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டது. சொற்போரில் வெல்லும் வேட்கையை விடுத்து உண்மை காணும் வேட்கையோடு பேச வேண்டும் என்று வகுத்தது. அறுதியிட்டுப் பேசுதலும் ஒருவர் கூற்றை முகத்திற்கு நேரே மறுத்தலும் விலக்கப்பட்டன. மீறினால் சிறு தொகை தண்டம்.

இந்நெறியின் தேவையைக் காட்ட ஓர் உறுப்பினர் வாழ்வே போதும். கண்ணாடி பொருத்தும் தாமசு காட்பிரே என்பார் தாமே முயன்று கணக்கியலில் பெரும்புலமை எய்தியவர். கடலோடிகட்குப் பயன்படும் அளவைக் கருவியொன்றைச் செம்மைப்படுத்தியவர். ஆயினும், எளிய பேச்சிலும் கணக்கின் துல்லியத்தை எதிர்பார்த்துச் சொல்லுக்குச் சொல் மறுத்ததால், அவருடன் பேசுதல் இன்பமாய் இருக்கவில்லை என்று பிராங்குளின் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். காட்பிரே விரைவில் குழுவை விட்டு நீங்கினார். அறிவு மிகுந்திருந்தும் கேட்கும் பொறுமை இல்லையேல், கூட்டம் நிலைக்காது.

முதல் தோல்வியும் பெருவெற்றியும்

பேசும்போது நூல்களைப் புரட்டிப் பார்க்கும் தேவை எழுந்தது. அவரவர் வீட்டு நூல்களைக் கொணர்ந்து அறையின் ஒரு கோடியில் அடுக்கினர். எதிர்பார்த்த அளவு நூல்கள் சேரவில்லை; சேர்ந்தவற்றைப் பேணுவாரும் இல்லை. ஓராண்டளவில் அவரவர் நூலை அவரவரே வீட்டிற்கு எடுத்துச் சென்றனர். பொதுவுடைமை என்று சொல்லிப் பொறுப்பை எவரிடமும் ஒப்படைக்காத முயற்சி அவ்வாறே முடியும்.

ஆயினும் அவர்கள் சோரவில்லை. 1731-ஆம் ஆண்டு சூலை முதல் நாளில் புதியதோர் ஏற்பாடு எழுத்து வடிவம் பெற்றது. ஐம்பதின்மர் சேர்ந்து, ஒவ்வொருவரும் முதலில் நாற்பது சில்லிங்கும், பின்னர் ஆண்டுதோறும் பத்துச் சில்லிங்கும் தருவது என்று உறுதி செய்தனர். அவருட் பெரும்பாலார் இளந்தொழிலாளரே. அத்தொகையால் 1732-இல் இலண்டனிலிருந்து நூல்கள் வந்தன. நூலகர் ஒருவரும் அமர்த்தப்பட்டார். பிலடெல்பியா நூலகக் குழுமம் இவ்வாறு பிறந்தது. 1774-இல் அமெரிக்கக் குடியேற்றப் பகுதிகளின் சார்பாளர்கள் தச்சர் மன்றத்தில் முதன்முதலாகக் கூடியபோது, அக்கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்த இந்நூலகம் அவர்கட்குத் திறந்து விடப்பட்டது. அந்நூலகம் இன்றும் உள்ளது.

நூலினும் மேலான பேறு

சண்டோ குழு ஏறத்தாழ நாற்பதாண்டு நிலைத்தது. அது தந்தது அறிவு மட்டுமன்று. 1730-ஆம் ஆண்டளவில் கடன் நெருக்கடியால் பிராங்குளினின் அச்சகம் கைநழுவிப் போகவிருந்தது. அப்போது குழுவினர் இருவர், ஒருவர் செய்தது மற்றவர்க்குத் தெரியாமல், தனித்தனியே வந்து வேண்டிய பொருளைத் தர முன்வந்தனர். பிராங்குளின் இருவரிடமும் பாதிப்பாதியாகப் பெற்றுத் தொழிலைக் காத்துக்கொண்டார். சில ஆண்டுகட்கு முன் உரொட்டியோடு தெருவில் நடந்த அயலாருக்கு, நூலைச் சுற்றி அமர்ந்த மாலைகள் உடன்பிறப்பனைய நண்பரைத் தந்துவிட்டன.

குறையும் கூறப்படல் வேண்டும். அக்குழுவில் பெண்ணொருவரும் இடம்பெறவில்லை. எத்தொழிலர், எச்சமயத்தர் ஆயினும் மாந்தர் அனைவரிடத்தும் அன்புடையீரா என்று புது உறுப்பினரை வினவிய அந்நகரிலேயே மாந்தரை விலைக்கு வாங்கி அடிமை கொண்டனர். பிராங்குளின் இல்லத்திலும் அடிமைகள் இருந்தனர். 1787-இல்தான் அவர் அடிமை ஒழிப்புக் கழகமொன்றன் தலைவரானார். நல்ல வினாவை எழுப்புதல் எளிது. அதற்குத் தம் வாழ்வால் விடை கூறுதல் அரிது. இன்று குழு அமைப்போர் அக்கதவை முதல் நாளிலேயே அனைவர்க்கும் திறந்து வைத்தல் வேண்டும்.

இளைஞர்களே! நகரில் நூற்குழு தொடங்கப் பெருமண்டபம் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா. பணியிடத்தில் ஒருவர், உணவு விடுதியில் ஒருவர், அடுத்த அறையில் ஒருவர் எனத் தொடங்குக. கிழமையில் ஒரு நாளை வரையறுத்து, இருவரே வந்தாலும் அந்நாளைத் தவிர்க்காதிருங்கள். ஒருவரே பேசாமல் ஒவ்வொருவரும் வினா எழுப்புக. படித்ததோடு நில்லாமல் மூன்று திங்களுக்கு ஒன்றேனும் எழுதுக. நூல்களைக் காக்கும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள். சிறிதாயினும் தவறாமல் கட்டணம் தருக. சொல்லால் வெல்லும் வேட்கையைக் கதவிற்கு வெளியே விட்டு வருக. ஒவ்வொரு கூட்டத்திலும் மறவாமல் கேளுங்கள்: "இந்நகருக்குப் புதிதாய் வந்தவர் எவர்? அவர் தனித்திருக்கின்றாரா?"

அடுத்த அறையின் கதவு ஒரு சுவரளவு தொலைவில்தான் உள்ளது. இன்றிரவே ஒரு நூலைக் கையிலெடுத்துச் சென்று, அதனைத் தட்டுக!