அதே கிணற்றுக்கு எத்தனை எச்.பி. மோட்டார்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை, சற்றே சுருக்கி)



கம்ப்யூட்டர் ஆய்வகத்துக்கு நம் சங்கம் நிதி திரட்டுவது உங்களுக்குத் தெரியும். அந்தப் பணத்தில் என்ன வாங்குவது என்பதில் இரண்டு கருத்து இருக்கிறது. "இன்றைக்கு வந்திருக்கும் அதிவேக எஸ்.எஸ்.டி.யோடு பத்து புது மெஷின் வாங்கலாம்" என்கிறார்கள் சிலர். "இருக்கிற அறுபது மெஷினையும் சரி பண்ணலாம்" என்கிறார்கள் வேறு சிலர். "ஏனுங்க, நீங்க இதே தொழில்ல இருக்கறவரு, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதற்காகத்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் பழைய ஹார்டு டிஸ்க்கைப் பார்ப்போம். அதற்குள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்குச் சற்று மேலே ஆகும். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து சராசரியாக 12, 13 மில்லி விநாடி. அதாவது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தகவல்களை விநாடிக்கு எண்பது முறைதான் போய் எடுக்க முடியும். விண்டோஸ் ஆரம்பிக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. மெஷினைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனது இதனால்தான்.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டே கிடையாது. எந்தத் தகவலானாலும் ஏறக்குறைய 0.1 மில்லி விநாடியில் வந்துவிடும். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே இதைச் செய்துவிடுகிறது.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் இது கவலை இறைப்பு போய் மோட்டார் வந்த மாதிரி. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு முயற்சியில் மின்மோட்டாரே இங்கே உருவானது. எருது பூட்டி நாளெல்லாம் இறைத்த குடியானவருக்கு, ஒரு சுவிட்சைப் போட்டால் தண்ணீர் கொட்டியது. வாழ்க்கையே மாறிப்போனது.

அடுத்த கேள்வி. அஞ்சு எச்.பி. இருக்கிற கிணற்றில் பதினஞ்சு எச்.பி. இறக்கினால் தண்ணீர் மூன்று மடங்கு வருமா? கிணற்றில் ஊறுவதுதானே வரும்!

அதிவேக எஸ்.எஸ்.டி. கதையும் இதுதான். சாட்டா விநாடிக்கு 550 எம்.பி. கொடுக்கும். பி.சி.ஐ.இ. ஐந்தாம் தலைமுறை 14,000 எம்.பி. என்று பெட்டியில் போட்டிருக்கும். 25 மடங்கு! ஆனால் அது பெரிய ஃபைலை ஒரே ஓட்டமாகப் படிக்கும்போது கிடைக்கும் வேகம். சின்ன ஃபைல்களை ஒவ்வொன்றாகக் கேட்டால், சாட்டா 30, 40 எம்.பி. தரும், ஐந்தாம் தலைமுறை 80, 100 எம்.பி. தரும். வித்தியாசம் இரண்டு, மூன்று மடங்குதான். உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சில்லைப் படிக்க ஆகும் நேரம் அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை. வந்த தகவலை விரித்து வேலை செய்ய பிராசஸருக்கும் நேரம் வேண்டும். ஆகவே பிரவுசர், கணக்கு எழுதுவது, சி புரோகிராம் கம்பைல் செய்வது இவற்றில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் அநேகமாக இருக்காது.

திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கும் என் மாமா ஒருவர், கடைக்காரர் சொன்னாரென்று ஐந்தாம் தலைமுறை டிரைவ் வாங்கி வந்தார். அவருடைய போர்டு மூன்றாம் தலைமுறை. அதில் 3,500 எம்.பி.க்கு மேல் போக வழியே இல்லை. "மாப்ள, பில் அடிக்கறது முன்ன மாதிரியேதான் இருக்குது" என்றார். நாலு அங்குல மோட்டாருக்கு ரெண்டு அங்குலக் குழாய்!

அப்படியானால் அதிவேகம் யாருக்குமே தேவையில்லையா? தேவைதான். கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்கு, பெரிய ஏ.ஐ. மாடல்களை மெஷினில் ஏற்றுபவருக்கு அது சம்பாதித்துக் கொடுக்கும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 100 ஜி.பி. படப்பதிவு, சாட்டாவின் வேகத்தில் மூன்று நிமிடம்; ஐந்தாம் தலைமுறையில் பத்து விநாடி அளவு. ஆனால் படம் 150 எம்.பி. வேகமுள்ள வெளி ஹார்டு டிஸ்க்கிலிருந்து வந்தால், எதில் இறக்கினாலும் பதினொரு நிமிடம் ஆகும். தவிர இந்த டிரைவ்கள் நன்றாகச் சூடாகும். ஹீட் சிங்க் இல்லாவிட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஈரோட்டு சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது அதில் இருந்தது ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் ஏற்றி, வீட்டில் தங்கைக்குக் கொடுத்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். அந்த அனுபவம்தான் என் வாதத்துக்குச் சாட்சி.

எனவே என் யோசனை இது. அறுபது மெஷினிலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சாட்டா எஸ்.எஸ்.டி. போடுவோம், ராமை 8 ஜி.பி. ஆக்குவோம். மிச்சப் பணத்தில் வீடியோ, ஏ.ஐ. வேலைக்கென்று உண்மையிலேயே வேகமான மெஷின் இரண்டு வாங்குவோம்.

"பழசுக்குச் செலவு செய்வது வீண்" என்று நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. நம் பழைய மெஷின்கள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறா. அவற்றில் லினக்ஸ் போடுவோம். சி, பைத்தான் பாடத்துக்கு அது தாராளம். மெஷின் ஓய்ந்தாலும் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறொன்றில் மாட்டலாம், போட்ட காசு போகாது. 2025 இறுதியில் மெமரி சில்லுகளின் விலை ஏறியதையும் பார்த்தோம். விலை ஏறும் காலத்தில் தேவைக்கு மேல் வாங்குவது நமக்குக் கட்டுப்படியாகாது.

பத்து புது மெஷின் வாங்கினால் திறப்பு விழா போட்டோ நன்றாக வரும். ஆனால் ஒரு வகுப்பில் அறுபது பேர். ஐம்பது பேர் பழைய மெஷினில் விண்டோஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மணி நேர லேபில் ஆளுக்குப் பத்து நிமிடம் போனால், அவர்களுக்கு அது திரும்பக் கிடைக்காது. முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொடுவதே இந்த லேபில்தான் என்று வரும் பிள்ளைகள் இன்றைக்கும் நம் கல்லூரியில் இருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேலை. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து எழுதுங்கள். நான் சொன்னது சரியா என்று அந்தக் கணக்கு சொல்லட்டும். அடுத்த மலரில் அதை அச்சிடுவோம். இன்னொன்று: எஸ்.எஸ்.டி. பல சமயம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும், உள்ளே இருப்பதை மீட்பது கடினம். புராஜெக்டுக்கு இரண்டாவது காப்பி வைத்துக்கொள்ளுங்கள், சாமி.