பதிந்துகொள் என்று பாடிய பாட்டு

1977க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும், இலங்கையிலே கசற் வானொலிப் பெட்டிகள் பெருகின. கண்டிக் கடைவீதிகளில் ஒலிப்பதிவுக் கடைகளும் தோன்றின. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பகுதித் தோட்டத்து மக்களும், வேண்டிய பாடல்களைத் துண்டுக் கடதாசியில் எழுதி, வெற்றுக் கசற்றோடு கொடுத்துச் செல்வர். பாடியவருக்கு அதில் ஒரு சதமேனும் சேர்ந்ததா என வினவியவர் அரியர்.

நேயர்களே, இவ்வழக்கத்தைப் போற்றியபடியே இலண்டனில் ஓர் இசைக்குழு அரங்கேறிற்று. 'பௌ வௌ வௌ' என்னும் அப்புதிய அலைக் குழுவின் முதற்பாடல் 1980 ஜூலையில் கசற்றில் வெளிவந்தது. 'சீ 30, சீ 60, சீ 90, கோ' என்பது தலைப்பு; எண்கள் நாடா ஓடும் நிமிடங்கள். பாடிய அனபெல்லா லுவின் இரங்கூனிலே பிறந்தவர், வயது பதின்மூன்றே. சலவைக் கடையில் வேலை செய்தவாறே வானொலியோடு சேர்ந்து பாடுகையில் கண்டெடுக்கப்பட்டவர்! இசைத்தட்டு வாங்குவானேன், வானொலியிலிருந்து பதிந்துகொள் என்பதே பாட்டின் கருத்து.

வேடிக்கை யாதெனில், அதனை வெளியிட்டது ஈ.எம்.ஐ. என்னும் இசைத்தட்டு நிறுவனமே. நவம்பரில் 'யுவர் கசற் பெற்' என்ற எட்டுப் பாடல் தொகுப்பும் கசற்றாகவே வந்தது. மறுவருடம், வீட்டுப் பதிவு இசையைக் கொல்கிறது எனப் பிரித்தானிய இசைத்தட்டுத் துறையினர் பிரசாரம் தொடங்கினர்.

அது முழுப் பொய்யன்று, பாடகனும் உண்ணவேண்டுமே. ஆயினும் லயத்து வீட்டார், பதிவு செய்யாதிருந்தால் இசைத்தட்டு வாங்கியிருப்பர் என எண்ணுதற்கில்லை. பாட்டின்றியே இருந்திருப்பர்.