செவ்வாய்க்கிழமையே சொன்ன அக்கா

(ஆதிச்சநல்லூரில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மைக் பிடித்தாலே கடன் வசூல், சேமிப்பு, பதிவேடு என்றுதான் பேசுவேன். இன்றைக்கு வேறு விஷயம். ஒரு நோய் ஊரில் பரவத் தொடங்கும்போது அதை முதலில் கண்டுபிடிப்பது யார்? கண்டுபிடித்த பிறகு அந்தச் செய்தி எங்கே போகிறது? அதில் நம் குழுவுக்கு என்ன வேலை? இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். நம் வீடுகளில் நெல், துணிமணி, ஆடு, கோழி எல்லாம் போச்சு. தண்ணீர் வடிந்த பிறகு நான் ஊர் ஊராகப் போய்க் குழுக்களின் இழப்பைக் கணக்கெடுத்துக் கொண்டிருந்தேன்.

ஆற்றங்கரை ஓரத்து ஊர் ஒன்றில் செவ்வாய்க்கிழமை கூட்டம். எத்தனை ஆடு செத்தது, எத்தனை தையல் மெஷின் வீணாச்சு என்று எழுதிக் கொண்டிருக்கிறேன். அப்போது ஒரு அக்கா எழுந்து, "எம்மா, எங்க தெருவுல மூணு வீட்டுல பிள்ளையளுக்கு வயித்தால போகுது. குழாத் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்கி" என்றார். நான் எழுதுவதை நிறுத்தவில்லை. "வெள்ளம் வடிஞ்சா அப்படித்தாங்கா இருக்கும். தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. மூன்று வீடு பதினொரு வீடாகி இருந்தது. ஒரு சின்னக் குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏறிக் கொண்டிருந்தது. சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்து, சாக்கடை ஓரத்தில் குடிநீர்க் குழாய் உடைந்திருப்பதை அரை நாளில் கண்டுபிடித்தார். குழாயை அடைத்து, குளோரின் போட்டு, லாரியில் தண்ணீர் வந்தது. அந்த வாரத்தோடு நோய் நின்றது. குழந்தையும் பிழைத்துக் கொண்டது. நல்லவேளை.

அங்கே வந்திருந்த நர்சம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "செவ்வாய்க்கிழமையே தெரியுமாமே, ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

நான் சமூகப்பணியில் பட்டம் வாங்கியவள். அந்த அக்கா ஐந்தாம் வகுப்பு. நோயைக் கண்டுபிடித்தது அவர். அதை அமுக்கிப் போட்டது நான். அடுத்த கூட்டத்தில் அவர் வாயே திறக்கவில்லை. அதுதான் என்னை அதிகமாக உறுத்தியது. சொன்னதைக் கேட்காவிட்டால், அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

சகோதரிகளே, இப்போது பெரிய உலகத்துக்கு வருவோம். சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா நகரில் உலக சுகாதார நிறுவனம் இருக்கிறது. நாடு விட்டு நாடு பரவுகிற நோய்களைக் கண்டுபிடித்து உலகத்தை உஷார்ப்படுத்துவது அதன் முக்கிய வேலை. இதற்கு ஒரு சட்டதிட்டம் உண்டு. சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் என்று பெயர். 2005ல் திருத்தி எழுதி, 2007 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 190க்கும் மேற்பட்ட நாடுகள் இதை ஏற்றிருக்கின்றன. ஒரு நாட்டில் வந்த நோய் மற்ற நாடுகளுக்கும் ஆபத்தாகலாம் என்று கணித்தால், அந்த நாடு 24 மணி நேரத்துக்குள் ஜெனீவாவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

2020 ஜனவரி 30 அன்று கொரோனாவுக்காக உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்தது. அதே நாளில்தான் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளாவில் உறுதி செய்யப்பட்டார். 2019 முதல் 2022 வரை அந்த நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியாக இருந்தவர் நம் சென்னையைச் சேர்ந்த டாக்டர் சௌமியா சுவாமிநாதன். நம் தமிழ்நாட்டுப் பெண் அங்கே உட்கார்ந்திருந்தார் என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த மேஜைக்குச் செய்தி எங்கிருந்து போகிறது? ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு தெருவில் யாராவது "இது வழக்கமா இல்லியே" என்று சொன்னால்தான் போகும். தெருவில் மூன்று நாள் தாமதமானால், ஜெனீவாவின் 24 மணி நேரம் என்ன செய்யும்?

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1980களில் வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் கூட இருந்தவர்களும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அன்றைக்குச் செல்போன் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. முகவரி அச்சடித்த தபால் அட்டையை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்து வைத்தார்கள். குறிப்பிட்ட தொற்றுநோய் என்று சந்தேகப்படும்படி ஒரு நோயாளி வந்தால், விவரத்தை எழுதித் தபால் பெட்டியில் போட வேண்டும். அவ்வளவுதான். அட்டைகள் ஒரே இடத்தில் வந்து சேரும்போது, எந்தப் பக்கத்தில் எந்த நோய் கூடுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு பிள்ளைதான் வந்திருக்கும். பத்து அட்டையைச் சேர்த்து வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் அது பத்துப் பிள்ளை என்று தெரியும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. அட்டை போட்டவர்களுக்கு மாதா மாதம் ஒரு செய்தி இதழ் திரும்பிப் போனது. இன்னின்ன இடத்தில் இன்னின்ன நோய் வந்தது என்று அதில் இருக்கும். நாம் சொன்னதை யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே அடுத்த அட்டை எழுதக் கை வரும்! நான் அந்த அக்காவுக்குச் செய்யத் தவறியது இதைத்தான்.

பிற்பாடு 2004ல் நாடு முழுவதற்கும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது. அதன்படி நம் கிராம சுகாதார செவிலியர் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஒரு படிவமும், பரிசோதனைக் கூடம் ஒரு படிவமும் கொடுக்கின்றன. 2021 முதல் இதெல்லாம் இணையம் வழியாகவே போகிறது. நர்சம்மா பதிவு செய்தால் மாவட்டத்துக்கும் சென்னைக்கும் டெல்லிக்கும் தெரியும். ஆனால் ஒரு நர்சம்மாவுக்கு எத்தனை ஊர், எத்தனை ஆயிரம் பேர்! எல்லாத் தெருவிலும் அவரால் தினமும் நிற்க முடியாது. அங்கே நாம்தான் இருக்கிறோம்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நிபா காய்ச்சல் வந்தது. முதலில் இறந்த இளைஞருக்கு என்ன நோய் என்றே பிடிபடவில்லை. சில நாளில் அவருடைய அண்ணன் அதே மாதிரி அறிகுறிகளோடு வேறொரு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கிருந்த டாக்டர்கள் ஒரே வீட்டில் இரண்டாவது ஆள் என்பதைக் கவனித்துச் சந்தேகப்பட்டார்கள். மாதிரியை மணிப்பாலுக்கு அனுப்பினார்கள். புனேயில் உள்ள தேசிய ஆய்வுக்கூடம் நிபா என்று உறுதி செய்தது. நோயாளிகளோடு பழகிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேடிக் கண்காணித்தார்கள். அப்படியும் 17 பேர் இறந்தார்கள். நோயாளியைப் பராமரித்த நர்ஸ் லினியும் அதில் ஒருவர். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய்.

அடுத்த வருஷம், 2019 ஜூனில், எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தது. இந்த முறை எல்லோரும் உஷாராக இருந்தார்கள். அவர் பிழைத்தார். வேறு ஒருவருக்கும் பரவவில்லை. அதற்கு இடைப்பட்ட ஒரு வருஷத்தில் புது மருந்து எதுவும் வந்துவிடவில்லை. சந்தேகத்தை உடனே வெளியே சொல்கிற பழக்கம் வந்திருந்தது.

"நீங்க சொல்றது சரிதாம்மா, ஆனா சொன்னா நமக்கில்லா தொந்தரவு" என்று பின்னாடி யாரோ முணுமுணுக்கிறீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. நான் மறைக்க மாட்டேன். அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் சனங்களை, தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாம் போட்டு, நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். கொரோனா காலத்தில் எத்தனையோ வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள், தகரம் அடித்தார்கள். நோய் குணமான பிறகும் பால்காரர் அந்த வீட்டுக்கு வரவில்லை, பக்கத்து வீட்டு மதினி பேசவில்லை. இதையெல்லாம் பார்த்தவர்கள் அடுத்த நோயை மறைக்கத்தான் பார்ப்பார்கள். இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. சீனாவில் வூஹான் நகரத்தில் புது நோய் வருகிறது என்று சக டாக்டர்களை எச்சரித்த டாக்டர் லீ வென்லியாங்கைப் போலீஸ் கூப்பிட்டுக் கண்டித்தது. 2020 பிப்ரவரியில் அவரும் அதே கொரோனாவில் இறந்துபோனார்.

சொன்னவரைத் தண்டித்தால் நோய் ஒளிந்து கொள்ளும். மாறாகவும் நடந்திருக்கிறது. பெரியம்மையை ஒழித்த கடைசிக் கட்டத்தில், நம் நாட்டில் எங்கே பெரியம்மை இருக்கிறது என்று தகவல் சொன்னவருக்கு அரசாங்கமே பரிசுப் பணம் கொடுத்தது. 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980ல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். இங்கே இருக்கிற ஆச்சிமார் சிலர் முகத்தில் அந்தத் தழும்பைப் பார்க்கலாம். பேத்திமார் முகத்தில் இல்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு வசூலித்து முடித்தவுடன் ஊக்குநர் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "இந்த வாரம் உங்க தெருவுல வழக்கத்துக்கு மாறா ஏதாவது உண்டா?" கீழே சொல்கிறவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே நர்சம்மாவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்ல வேண்டும். 104 எண்ணுக்கும் போன் போடலாம்.

ஒன்று, ஒரே தெருவில் அல்லது ஒரே விருந்தில் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு.

இரண்டு, பக்கத்துப் பக்கத்து வீடுகளில் காய்ச்சல், அல்லது காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு.

மூன்று, பல பேருக்குக் கண் மஞ்சளாவது.

நான்கு, 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கை கால் தளர்வது. இது ஒரே ஒரு பிள்ளைக்கு வந்தாலும் சொல்ல வேண்டும்.

ஐந்து, கோழி, ஆடு, மாடு கொத்தாகச் சாவது. கால்நடை மருத்துவமனைக்கும் சொல்லுங்கள். செத்த கோழியை யாரும் அறுக்க வேண்டாம்.

ஆறு, என்னவென்று தெரியாத காய்ச்சலில் ஒருவர் இறந்து, அதே வீட்டில் இன்னொருவர் படுப்பது.

என்ன நோய் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டாம். அது டாக்டர் வேலை. எத்தனை வீடு, எந்தத் தெரு, எப்போதிலிருந்து என்று மூன்று விவரம் சொன்னால் போதும். கடைசியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் சந்தோஷம்தானே! "வீணா போன் போட்டுட்டியே" என்று யாரும் கேலி பண்ணக் கூடாது.

வயிற்றுப்போக்கு என்றால் நர்சம்மா வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாவிட்டால், கொதிக்க வைத்து ஆற்றிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பிள்ளை கண் உள்வாங்கி, சோர்ந்து, ஒன்றுக்குப் போகாமல் கிடந்தால் உடனே 108.

இன்னும் இரண்டு கட்டுப்பாடு. நோய் வந்த வீட்டுக்காரர் பெயரைத் தெருவில் பரப்பக் கூடாது. அந்த வீட்டு வாசலில் தண்ணீர்க் குடத்தையும் அரிசியையும் வைத்து உதவ வேண்டியது அந்தக் குழுவின் பொறுப்பு. இரண்டாவது எங்களுக்கு. நீங்கள் சொன்ன தகவலுக்கு என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று நாங்கள் கேட்டு வந்து, அடுத்த கூட்டத்தில் உங்களுக்குச் சொல்ல வேண்டும். வேலூரில் திரும்பிப் போன செய்தி இதழ் மாதிரி, நம் செய்தி மடலிலும் மாதா மாதம் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கக் கேட்டிருக்கிறேன்.

இந்த ஊர்ப் பரம்பில் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவர்கள் தாழிக்குள் இருக்கிறார்கள். அவர்களை என்ன நோய் கொண்டுபோனதோ, எழுதி வைக்க ஆள் இல்லை. இன்றைக்கு நம் குழுவில் தீர்மான நோட்டு இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, நர்சம்மா கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த மாதம் அதே குழுவில் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னம்மா" என்று சிரித்தார். அதன்பிறகு ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து போன். "எம்மா, கீழத்தெருவுல அஞ்சாறு கோழி செத்துக் கெடக்கு, சொல்லணும்னியளே" என்றார். நான் எழுதிக் கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.