மெழுகில் ஒரு முகம்

நமது காவிரிக் கரையில் வளர்ந்த ஒரு கைவினையைப் பற்றி இன்று சிந்திப்போம். மனித உருவத்தைச் சிறியதாக மெழுகில் செய்து, உலோகத்தில் வார்த்தெடுக்கும் கலை அது.

கும்பகோணத்துக்கு அருகே உள்ள சுவாமிமலையில் ஸ்தபதிகள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்து வருகிறார்கள். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி, முதலில் மெழுகில் உருவத்தைச் செய்கிறார்கள். செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்கிறார்கள். முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, முழங்கால் எங்கே என்பதை அந்த ஓலையே சொல்லிவிடும்.

பிறகு காவிரியின் வண்டல் மண்ணைக் குழைத்து மெழுகின்மேல் பூசுகிறார்கள். மாவு போன்ற அந்த மண் இமையின் ஓரத்திலும் நகத்தின் கணுவிலும்கூடப் போய் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் கனமான மண் பூச்சு. காய்ந்ததும் நெருப்பில் வைத்தால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது விட்டுச்சென்ற இடத்தில் உலோகக் குழம்பை ஊற்றி, ஆறவிட்டு, மண்ணை உடைத்து உருவத்தை எடுக்கிறார்கள். மண் உடைந்த பிறகு அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. அடுத்த உருவத்துக்கு மறுபடியும் மெழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உருவம் சிறியதாகச் சிறியதாக வேலை கடினமாகும். ஓர் அடி உயர உருவத்தில் முகம் இரண்டு விரற்கடைக்குள் அடங்கிவிடும். கண்ணும் மூக்கும் உதடும் அதற்குள்ளேதான். உளி ஒரு மயிரிழை விலகினாலும் முகம் வேறாகிவிடும்.

தஞ்சைப் பெரிய கோவிலில் இப்படி இரண்டு சிறிய உருவங்கள் இருந்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அரசன் முதலாம் ராஜராஜன், அவன் தேவி உலோகமாதேவி ஆகிய இருவரின் செப்புப் படிமங்கள் அவை. கோவில் நிர்வாகத்தைக் கவனித்த ஆதித்தன் சூரியன் என்ற தென்னவன் மூவேந்த வேளான், அரசனின் 29-ஆம் ஆட்சியாண்டு வரையிலான காலத்தில் அவற்றைச் செய்து வைத்தார். அளவுகளும் அதில் உண்டு. அரசன் ஒரு முழமும் சில விரல்களும் உயரம். அரசி ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவு. வானளாவிய விமானம் எழுப்பிய மாமன்னன், அதே கோவிலுக்குள் முழ உயரத்தில் நின்றிருக்கிறான். இறைவன் முன்னால் நமக்கு எவ்வளவு உயரம் போதும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

சோழர் காலத்து இன்னொரு படிமத்தையும் பார்ப்போம். இது பெரியது, ஏறக்குறைய மூன்றரை அடி. இப்போது அமெரிக்காவில் வாஷிங்டன் நகரிலுள்ள ஃப்ரீர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது சோழ அரசி செம்பியன் மாதேவியின் உருவம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இல்லை, இது பார்வதி தேவியின் உருவமே என்று சொல்பவர்களும் உண்டு. ஏன் இந்தக் குழப்பம்? கல்வெட்டு இல்லாத இடத்தில், இது மனிதப் பெண்ணா தெய்வமா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்துச் சிற்பி நரையையும் சுருக்கத்தையும் செதுக்கவில்லை. தெய்வ உருவத்துக்கு எந்த ஓலை அளவோ, எந்த அழகோ, அதையே மனித உருவத்துக்கும் கொடுத்தான்.

அன்புக்குரியவர்களே, தொடக்கநூலின் முதல் அதிகாரம் நமக்குக் கற்றுத்தருவதும் இதற்கு மிக நெருக்கமானதே. கடவுள் மனிதரை, ஆணையும் பெண்ணையும், தமது சாயலில் படைத்தார். அரசருக்கும் அரசியருக்கும் மட்டும் அந்தச் சாயல் என்று அங்கே சொல்லப்படவில்லை. ஒரே அச்சில் ஆயிரம் பேரை அவர் வார்க்கவும் இல்லை. ஒவ்வொருவரையும் மெழுகிலிருந்து தொடங்குவதுபோல் தனித்தனியாகவே உருவாக்குகிறார்.

ஆனால் நாம் எப்படிப் பார்க்கிறோம்? நம் வயற்காட்டுப் பேச்சைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். "நடவுக்கு எத்தனை ஆள் வந்திருக்கு?" என்கிறோம். "நாலு ஆள் குறையுது" என்கிறோம். ஆளை எண்ணுகிறோம், முகம் பார்ப்பதில்லை. இதன் முடிவு எங்கே போகும் என்பதை நம் டெல்டா மண் கண்ணீரோடு கண்டிருக்கிறது. அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கீழவெண்மணியில், கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட தொழிலாளர்களுக்கு எதிரான பகையில், 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அது 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு. கடவுள் நம்மைப் போல் ஒரு முகத்தோடு பிறந்ததை உலகம் கொண்டாடிய அதே இரவு! அந்த 44 பேரைச் செம்பில் வார்த்து வைக்க யாரும் இருக்கவில்லை. ஆனால் அவர்கள் ஒவ்வொருவரிலும் இருந்தது கடவுளின் சாயல்.

அதெல்லாம் பழைய கதை என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட இன்ன சாதிக்கு இன்ன பக்கம் என்று பிரித்துவைத்திருக்கிறோமே! இன்று நம் வயல்களில் நடவு நட வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். முழங்கால் சேற்றில் நாளெல்லாம் குனிந்து நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? "இந்திக்காரப் பையன்" என்ற ஒரே அச்சில் எல்லாரையும் வார்த்துவிடுகிறோம்.

ஒரு முகத்தின் இரண்டு விரற்கடைக்காகச் சிற்பி நாள்கணக்கில் குனிந்திருக்கிறான். நம் எதிரே நிற்கும் மனிதருக்காக நாம் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்க்கக்கூடாதா? இந்த வாரம் ஒரு சிறிய முயற்சி செய்வோம். நம் வயலிலோ வீட்டிலோ கடையிலோ வேலை செய்பவரின் முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே அழைப்போம். கூலியைக் கொடுக்கும்போது தூக்கிப் போடாமல் கையில் கொடுப்போம். நம் பிள்ளைகளையும், "அவனைப் பார், அவளைப் பார்" என்று இன்னொருவரின் அச்சில் வார்க்க நினைக்காமல் இருப்போம்.

எங்களை உமது சாயலில் உருவாக்கிய இறைவா, அந்தச் சாயலை எல்லா முகங்களிலும் கண்டு வணங்கும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.