நோன்புக் கஞ்சியும் அளவுக் குவளையும்



நோன்பு மாதத்தில் வீட்டிலேயே புதுப்புது உணவு சமைத்துப் பார்ப்பதைப் பற்றி இன்று பேசுவோம். நம் தோட்டத்து லயங்களில் நோன்பு நோற்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் அவர்களுடைய கஞ்சியைச் சுவைத்து வளர்ந்த குடும்பங்களும் இருக்கின்றன. ஆகவே, இது எல்லார்க்கும் பொதுவான செய்திதான்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். தமிழ் முஸ்லிம்கள் அங்கு நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் நிறுவப்பட்டது. தேக்கா பக்கம் டன்லப் தெருவில் இருக்கும் அப்துல் கபூர் பள்ளிவாசலின் இன்றைய கட்டடம் 1907இல் கட்டத் தொடங்கியது. தமிழகக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் தொழுகையோடு நோன்புக் கஞ்சியையும் கொண்டு வந்தார்கள். மாலையில் பெரிய அண்டாக்களில் கஞ்சி காய்ச்சி, வருவோர்க்கெல்லாம் வழங்குவது வழக்கமாயிற்று. பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு ஒரு கோப்பைக் கஞ்சி என்று நோன்பு திறப்பார்கள்.

2020இல் கொரோனா நோய் பரவியது. மார்ச் மாதத்திலேயே சிங்கப்பூர்ப் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரல் பிற்பகுதியில் நோன்பு தொடங்கியபோது கூடி உண்ண வழியில்லை. கேலாங் சிராய் நோன்புச் சந்தையும் நடைபெறவில்லை. பள்ளிவாசல் கஞ்சிக்குப் பழகிய வீடுகள் தம் அடுப்பையே நம்ப வேண்டியதாயிற்று. அண்டாக் கணக்கில் காய்ச்சுவதை ஆறு பேருக்குச் சுருக்குவது எப்படி? இந்தக் கேள்வி நகரத்துக்கு மட்டும் உரியதன்று. பள்ளிவாசலுக்குத் தொலைவிலுள்ள தோட்டங்களில் இது ஆண்டுதோறும் எழும் கேள்வி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மற்ற நாளில் நாம் கரண்டியால் எடுத்து உப்புப் பார்க்கிறோம், குறைந்தால் சேர்க்கிறோம். நோன்பிருக்கும் தாய் அப்படிச் சுவைத்துப் பார்க்கத் தயங்குவாள். விடியுமுன் உண்டு, பால் வெட்டிலோ செம்பனைக் காட்டிலோ உழைத்து, பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் பசித்திருந்தவர் முன் உப்புக் கரிக்கும் கஞ்சியை வைத்தால் மனம் நோகாதா? கூலிக் காசில் வாங்கிய இறைச்சியும் வீணாகும். ஆகவே, நாக்குச் செய்யும் வேலையை அளவுக் குவளை செய்ய வேண்டும்.

ஆறு பேருக்கான அளவைச் சொல்கிறோம், பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். இருநூறு மில்லி பிடிக்கும் குவளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசி அல்லது நொய் ஒரு குவளை. பாசிப்பருப்பு கால் குவளை. வெந்தயம் ஒரு தேக்கரண்டி. தண்ணீர் எட்டுக் குவளை. கொத்திய இறைச்சி 150 கிராம். தேங்காய்ப்பால் ஒரு குவளை. உப்பு மட்டமாக இரண்டு தேக்கரண்டி. இவற்றோடு வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், பட்டை, கிராம்பு, கொத்தமல்லி, புதினா, ஒரு பாண்டான் இலை.

இரண்டு கரண்டி எண்ணெயில் பட்டை, கிராம்பு, வெங்காயம், இஞ்சி, பூண்டு ஆகியவற்றை வதக்குங்கள். தக்காளியும் மிளகாயும் இறைச்சியும் சேர்த்து, இறைச்சியின் பச்சை நிறம் மாறும்வரை கிளறுங்கள். பிறகு அரிசி, பருப்பு, வெந்தயம், பாண்டான் இலை, தண்ணீர், உப்பு சேர்த்து, அடிபிடிக்காமல் கிண்டி, முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். குழைந்தபின் தீயைக் குறைத்துத் தேங்காய்ப்பாலை ஊற்றுங்கள். அது தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். ஆவி வந்ததும் தழை தூவி இறக்கிவிடுங்கள்.

கொஞ்ச இறைச்சி ஆறு பேருக்கும் சுவை தருவதும், பருப்பு சத்துச் சேர்ப்பதும், நீர் மிகுந்த உணவு வறண்ட உடம்புக்கு இதம் தருவதும் இக்கஞ்சியின் சிறப்பு. பொரித்த பண்டமும் சர்க்கரைத் தண்ணீரும் வயிற்றை நிரப்பும். ஆனால் மறுநாள் உழைப்புக்குப் போதிய துணையாகா. நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கேட்டு, மருந்து நேரத்தை முடிவு செய்வது அவசியம்.

புதுமை செய்ய விரும்பினால், ஒரு தடவைக்கு ஒரே மாற்றம் செய்யுங்கள். ஒருநாள் இறைச்சிக்குப் பதில் முருங்கைக்கீரையும் கேரட்டும் போடலாம். மற்றொருநாள் மலாய்க்காரர் காய்ச்சும் புபுர் லம்புக் போல உலர்ந்த இறால் சேர்க்கலாம். இறால் உப்பானது, ஆகவே அரைத் தேக்கரண்டி உப்பைக் குறைக்க வேண்டும். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால், எது சுவை தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது. நோன்பு தொடங்குமுன் பாதி அளவில் செய்து சுவைத்துப் பார்ப்பது மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறைச்சியும் தேங்காய்ப்பாலும் கலந்த கஞ்சி நம் வெப்பத்தில் விரைவில் கெடும். இறக்கி இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்கலாகாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் சஹருக்கென்று மிச்சம் வைக்காமல், தேவைக்கு மட்டும் காய்ச்சுங்கள். கூடினால், சூடு ஆறுமுன் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அது பழைய லயத்து வழக்கமும்கூட.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. தோட்டப் பள்ளியில் கற்பிக்கும் எங்களுக்குத் தெரியும்: பாட்டிமார் கையளவிலும் கண்ணளவிலும் வைத்திருக்கும் பக்குவங்கள் எழுதப்படாமலே மறைந்து போகின்றன. பாட்டி ஒரு பிடி என்றால் அதைக் குவளையில் அளந்து, நோட்டில் எழுதுங்கள். அன்றைய கஞ்சியில் உப்புக் கூடியதா குறைந்ததா என்பதையும் எழுதுங்கள். நான்கு நாளில் உங்கள் வீட்டுக்கென்றே சரியான அளவு கிடைத்துவிடும். கணக்கும் மொழியும் அடுப்படியிலும் பயன்படும் என்பதைப் பிள்ளைகள் அப்போது தாமே அறிந்துகொள்வார்கள்.