காலதரும் திரையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் வள்ளுவரையோ இளங்கோவையோ பற்றிப் பேசுவது மரபு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பலகணித் திரை. 'இதுவும் ஒரு பொருளா?' என்று சிலர் எண்ணக்கூடும். காலையில் விலக்கி மாலையில் மூடும் அத்திரைக்கும் நீண்ட வரலாறு உண்டு. அது நம் வாழ்வோடு இயைந்த வரலாறு.

முதலில் சொற்களை நோக்குவோம். தமிழர் அதனைக் 'காலதர்' என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலத்தில் வழங்கும் 'விண்டோ' என்னும் சொல்லோ, வட ஐரோப்பியரின் பழைய மொழியில் 'காற்றின் கண்' எனப் பொருள்பட்ட சொல்லிலிருந்து பிறந்தது. கடல் கடந்த இரு மக்களும் காற்றையே முதலில் நினைத்தனர் என்பது வியப்பன்றோ? புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண்போன்ற காலதர்கள் இருந்தன என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. இன்று நம் நாவில் புழங்கும் 'ஜன்னல்' போர்த்துகீசியர் தந்த 'ஜனேலா' ஆகும்.

காற்று வரவேண்டும், வெயில் வரலாகாது; உள்ளிருப்போர் வெளியே காணவேண்டும், வெளியிலுள்ளோர் உள்ளே காணலாகாது. இவ்விரு தேவைகளே திரையைப் பெற்ற தாய் எனலாம். வடநாட்டில் கல்லிலே துளையிட்டு 'ஜாலி' செய்தனர். 1799இல் ஜெய்ப்பூரில் எழுந்த ஹவா மகாலில் 953 சிறு சாளரங்கள் உள்ளன. அரண்மனை மகளிர் பிறர் கண்ணிற் படாமல் வீதியைக் காண அவை உதவின. அரபு நாட்டினர் மரச்சட்டங்களைப் பின்னிச் சாளரங்களை மறைத்தனர். நம் நாட்டு எளிய மக்களுக்கு ஓலைத் தட்டியும் மூங்கில் தட்டியும் போதுமாயிருந்தன. கோடையில் வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிட்டு நீர் தெளிப்பார்கள். நீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்ள, குளிர்ந்த காற்று நறுமணத்தோடு வீட்டினுள் நுழையும். மின்சாரம் இல்லாத காலத்துக் குளிர்பொறி அதுவே.

ஏணிபோற் பின்னிய நாடாவில் மெல்லிய மரப்பட்டைகளைக் கிடையாகக் கோத்த திரையை ஆங்கிலேயர் 'வெனிஷியன்' என்று வெனிஸ் நகரத்தின் பெயரால் அழைத்தனர். பட்டைகள் பதித்த கதவைப் பிரெஞ்சுக்காரர் பாரசீகத்தின் பெயரால் 'பெர்சியேன்' என்றனர். அதனையே 'ஜலுசி' என்றும் சொல்வர். அச்சொல்லுக்குப் 'பொறாமை' என்பது பொருள். இல்லத்து மகளிரைப் பிறர் காணலாகாது என்று எண்ணிய ஆடவர் மனம் அச்சொல்லில் ஒளிந்திருக்கின்றது! 1769இல் லண்டனில் எட்வர்டு பெரன் என்பார் இத்திரைக்குக் காப்புரிமை பெற்றார். 1841இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஜான் ஹாம்ப்சன், பட்டைகளை வேண்டிய சாய்வில் நிறுத்தும் அமைப்புக்கு உரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1940களில், மரத்தின் இடத்தை அலுமினியம் பிடித்துக்கொண்டது.

இனி நம் பெங்களூருக்கு வருவோம். 1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கு மாற்றித் தண்டு அமைத்தனர். சென்னைப் படையோடு சிப்பாய்களும் வணிகரும் கைவினைஞருமாகத் தமிழர் பலர் வந்து அல்சூரிலும் சிவாஜி நகரிலும் குடியேறினர். இன்று உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரக் கச்சேரி 1868இல் முடிவுற்றது. அதனைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். அக்காலத்துப் பங்களாக்களில் இந்நகருக்கே உரிய ஓர் அணி தோன்றிற்று. சாளரத்தின் மேலும் முகப்பின் மேலும் கூரிய முக்கோணக் கூரை வைத்து, அதன் கீழே மரப்பட்டைகளை நெருக்கமாக நிறுத்தினர். மக்கள் அதனை 'மங்கி டாப்' என்றனர். குரங்குகள் ஏறி அமர்ந்தமையால் வந்த பெயர் என்பர் சிலர். அவற்றைத் தடுத்தமையால் வந்தது என்பர் வேறு சிலர். பெயர் எவ்வாறாயினும் பயன் தெளிவு. மழைச்சாரலையும் உச்சி வெயிலையும் அது வெளியிலேயே தடுத்தது. காற்றை மட்டும் உள்ளே விட்டது.

'வெளியிலேயே' என்னும் சொல்லை இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். கண்ணாடியைக் கடந்து வந்த வெயில் அறைக்குள் வெப்பமாக மாறித் தங்கிவிடும். ஆகவே உள்ளே தொங்கும் திரையைவிட வெளியே நிற்கும் தட்டியே மிகுதியாகக் குளிர்ச்சி தரும். இன்று பங்களாக்கள் பல மறைந்தன. கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. அவற்றுள் நண்பகலில் திரையை இறக்கி, விளக்கை ஏற்றி, குளிர்பொறியை முடுக்குகின்றனர். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், இயற்கை குளிர்காற்றை வழங்கும் ஊரில் இது தகுமா? புதிதாக வீடு கட்டும் நம்மவர் சாளரத்தின் மேல் ஒரு சாய்ப்பும் வெளியே ஒரு மூங்கில் தட்டியும் வைத்தால், மின்கட்டணமும் குறையும். பழைய பெங்களூரின் அறிவும் வாழும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். திரையை ஏற்றி இறக்கும் கயிறு குழந்தையின் கழுத்தில் சுற்றி உயிரைப் பறித்த துயரங்கள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. ஆதலால் அமெரிக்காவில், கடையில் ஆயத்தமாக விற்கும் திரைகளில் குழந்தைக்கு எட்டும் கயிறு இருத்தலாகாது என்னும் தரவிதி 2018இல் நடைமுறைக்கு வந்தது. நம் வீடுகளிலும் கயிற்றைச் சுவரில் உயரக் கட்டிவையுங்கள். தொட்டிலையும் கட்டிலையும் சாளரத்தருகே இடாதீர்கள்.

இறுதியாக, வேறொரு திரையையும் நினைவுகூர்வோம். 1991இல் அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பினால் திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. அதே ஆண்டு டிசம்பரில், காவிரிச் சிக்கலை ஒட்டி மூண்ட கலவரத்தில், தமிழ்க் குடும்பங்கள் அஞ்சிக் கதவடைத்திருந்த நாள்களும் உண்டு. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், தமிழக முதல்வர் கருணாநிதி அச்சிலையைத் திறந்துவைத்தார். கருநாடக முதல்வர் எடியூரப்பா உடனிருந்தார். நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பெற்றது. இரு நகரிலும் திரை விலகிற்று.

வந்த ஊரில் வாழும் நமக்குச் சாளரத் திரை நல்லாசான். அது வீட்டின் தனிமையைக் காக்கும், வீதியை மறைக்காது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசட்டும். வீதியில் கன்னடம் பேசிப் பழகட்டும். நம் மொழியைக் காத்தல் ஒரு கடமை; அண்டை வீட்டார் மொழியைப் போற்றுதல் மற்றொரு கடமை. இரண்டையும் ஒருங்கே செய்தால் கதவடைத்து அஞ்சும் நாள் மீண்டும் வாராது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!